இருபத்துநாலு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர்

கொதிநிலை நிர்ணயக் கழகத்தின் முகப்பில் "துல்லியமே எமது மூச்சு" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவருக்கு இடம் போதவில்லை. கடைசி எழுத்து சுவரைத் தாண்டி ஜன்னல் கதவில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மூச்சு நின்றுவிடும். இந்தக் கட்டடத்தைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்ப்போம்.

ஒரு திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று சொல்வது கழகத்தின் வேலை. வேறு வேலை கிடையாது. அதற்கு நாலு மாடி, ஒரு தோட்டம், இயக்குநருக்கு ஒரு கார், காருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு காவலாளி. இவர்கள் கொடுத்த சான்றிதழ்களைக் கடைக்காரர்கள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்களே தவிர, ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. திடீரென்று ஒரு சட்டம் வந்தது. நாற்பது டிகிரிக்குக் கீழே கொதிக்கும் எந்தத் திரவத்தையும் குடியிருப்புத் தெருவில் வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தால் தீயணைப்பு நிலையத்தார் வந்து சீல் வைப்பார்கள் என்றது அது. சட்டத்தில் குற்றம் சொல்ல முடியாது. அவ்வளவு சீக்கிரம் ஆவியாகிற சரக்கு ஆபத்தானதுதான்.

தின்னர்காரருக்குக்கூட இந்தச் சட்டம் பிடித்திருந்தது. பெயிண்டில் கலக்கும் தின்னரைத் தயாரித்து டப்பாவில் அடைத்து விற்பவர் அவர். கீழே கடை, மேலே வீடு. அவருடைய தின்னர் லேசில் கொதிக்காது என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை வீட்டு மாடியில் கொதிக்க வைத்துப் பார்த்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"சர்டிபிகேட் வராட்டி என்ன ஆகும்?" என்று கேட்டாள் மனைவி. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாசக் கடைசியில சீல் வைப்பாங்க."

"கடைக்கா, வீட்டுக்கா?"

"ரெண்டும் ஒரே கட்டடம்தானே."

"அப்ப நாம எங்க போறது?"

"கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்ல இருந்துக்கலாம்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். தின்னர்காரரின் அக்கா தங்கமான மனுஷி. ஆனால் வாய் ஓயாது. பேசிக்கொண்டே தூங்கிப்போவார், காலையில் கண் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கேட்பவர் மாறியிருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

"என்னங்க, எப்படியாவது சர்டிபிகேட்டோட வாங்க. அண்ணி வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா நான் இந்தத் தின்னரையே குடிச்சிடுவேன்" என்றாள் மனைவி.

மறுநாளே தின்னர்காரர் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கழகத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் கொதிகூடம். அதன் பொறுப்பாளருக்குக் கொதிப்பாளர் என்று பதவிப்பெயர். வெள்ளைக் கோட்டு, பாக்கெட்டில் வரிசையாகப் பேனாக்கள், முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை.

"உட்காருங்க. கொதிக்கிறதுன்னா என்னன்னு நினைக்கிறீங்க?"

"குமிழ் குமிழா வரும் சார்."

கொதிப்பாளர் சிரித்தார். பாமர மக்கள் சொல்வதைக் கேட்டால் படித்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. "குமிழ் எல்லாரும்தான் விடுவாங்க. குழந்தைகூட சோப்புத் தண்ணியில விடும். நாங்க அங்கீகாரம் குடுத்தாத்தான் அது கொதி. இல்லாட்டி வெறும் சலசலப்பு."

குடுவையில் தின்னரை ஊற்றி, ஹீட்டர் மேல் ஏற்றினார். வெல்வெட் பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக உள்ளே இறக்கினார். வெகுநேரம் கழித்துத் தின்னர் கொதித்தது. தின்னர்காரர் எட்டிப் பார்த்தார். பாதரசம் நூற்றைத் தாண்டி ஜம்மென்று நின்றது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நிமிஷமே வீட்டுக்குப் போன் போட்டிருப்பார்.

"பார்க்காதீங்க!" கொதிப்பாளர் ஒரு கையால் தெர்மாமீட்டரை மறைத்தார், மறு கையால் தன் கண்ணை மூடிக்கொண்டார். "நானே பார்க்க மாட்டேன்!"

"ஏன் சார்?"

"கொதிக்க வைக்கிறவன் அளவு பார்க்கக் கூடாது. அளவு பார்க்கிறவர் கொதிக்கிறதைப் பார்க்கக் கூடாது. நடுநிலைமைன்னா சும்மாவா? ஆவியைப் பார்த்தாலே மனுஷனுக்கு 'ஐயோ, ரொம்ப சூடா இருக்கே'ன்னு ஒரு எண்ணம் வந்துடும். அந்த எண்ணத்தோட அளவு பார்த்தா அது அறிவியலா?"

கண்ணை மூடியபடியே தெர்மாமீட்டரை உருவினார். சொட்டு விழுந்து மேல்மாடிக் கம்பளம் கறையானதாக ஒரு பழைய புகார் இருந்ததால், அதை ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தார். விசிறியின் கீழே காய வைத்தார். பெட்டியில் படுக்க வைத்து மூடினார். மணி அடித்தார்.

வந்தவர் ஏந்துநர். பெட்டியைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி நாலாவது மாடிக்குக் கொண்டுபோவது அவர் உத்தியோகம். லிஃப்டில் போகக் கூடாது, அதிரும். மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, பெட்டிக்குள் இருக்கும் தெர்மாமீட்டருக்கு மூச்சு வாங்குமோ என்பது போல் அவர் மூச்சு வாங்கினார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நலம் விசாரித்தார். ஒரு கணக்காளரின் மகளுக்கு வரன் பார்த்துச் சொன்னார்.

"அண்ணே, கொஞ்சம் வேகமா ஏறலாமா? ஆறிடப் போகுது" என்றார் தின்னர்காரர்.

ஏந்துநர் நின்று திரும்பினார். "தம்பி, இந்த வேலைக்கு வந்ததுலேர்ந்து நான் ஒரு தடவைகூட ஓடினதில்ல. தீப்பிடிச்சப்பகூட எல்லாரும் ஓடினாங்க, நான் பெட்டியோட நடந்துதான் இறங்கினேன். இயக்குநர் மேடம் கையால சால்வை வாங்கியிருக்கேன்."

நாலாவது மாடியில் வாசிப்பாளரின் அறை. கதவைத் திறந்ததும் ஜில்லென்று இருந்தது. வாசிப்பாளர் பெட்டியைத் திறந்து, தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக் கணீரென்று அறிவித்தார். "இருபத்துநாலு!"

தின்னர்காரருக்குத் தலை சுற்றியது. "சார், கீழே நூறுக்கு மேல இருந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"கீழே இருக்கும்போது நான் பார்க்கலையே" என்றார் வாசிப்பாளர் அமைதியாக. "உங்க வார்த்தையை நம்பறதா, கையில இருக்கிற தெர்மாமீட்டரை நம்பறதா? நீங்களே பாருங்க."

தின்னர்காரர் பார்த்தார். இருபத்துநாலுதான். சுவரில் இருந்த ஏசியையும் பார்த்தார். அதிலும் பச்சை எழுத்தில் இருபத்துநாலு. அவர் வாயைத் திறப்பதற்குள் வாசிப்பாளர் முத்திரையைக் குத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்றாவது முறைதான் அவளுக்கு அவர் மேல் சந்தேகம் தீர்ந்து கழகத்தின் மேல் கோபம் வந்தது.

"வெளியில எடுத்து, துடைச்சு, காய வச்சு, மாடி ஏத்திக் கொண்டுபோய் ஏசி ரூம்ல பார்த்தா பின்ன என்ன காட்டும்? எதிர்த்துக் கேட்க மாட்டீங்களா?"

"மறுபரிசோதனைக்கு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதிக் குடுங்க, நல்லா எழுதிக் குடுங்க. அண்ணி எனக்கு அலமாரியில இடம் ஒதுக்கிட்டாங்களாம். இப்பதான் போன் பண்ணினாங்க. இப்பதான்னா, காலையில ஆரம்பிச்சு இப்பதான் வச்சாங்க."

மறுபரிசோதனை நாளில் தின்னர்காரருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஏந்துநர் நாலாவது மாடியை அடைந்தபோது கரண்ட் போனது. ஏசி நின்றது. அரையிருட்டில் வாசிப்பாளருக்குக் கண்ணாடி அகப்படவில்லை. தெர்மாமீட்டரைக் கீழே வைத்தால் உருண்டுவிடும் என்று அக்குளில் செருகிக்கொண்டு, மேஜை இழுப்பறை, ஜன்னல் திட்டு, கடைசியில் தன் நெற்றி என்று எல்லா இடத்திலும் தேடினார். நெற்றியில்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தெர்மாமீட்டரை உருவி ஜன்னலோரம் போய்ப் பார்த்தார்.

"முப்பத்தேழு!" என்றவர், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

இன்னும் மூன்றே டிகிரி. தின்னர்காரர் தவித்துப்போனார். மெதுவாக வாசிப்பாளரின் பக்கத்தில் போய், "சார், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது... காய்ச்சல் மாதிரி?" என்று கேட்டார்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கேன்."

"வரவே வராதா சார்?"

"கல்லு மாதிரி உடம்பு எனக்கு" என்றார் வாசிப்பாளர் பெருமையாக.

இருபத்துநாலைத் தவிர வேறு எண் வருவது புது ஏசி மாட்டியதிலிருந்து நடக்காத காரியம். பழைய ஏசி இருந்த காலத்தில் எல்லாத் திரவமும் இருபத்தாறில் கொதித்ததாகவும், அந்தக் காலத்துத் திரவங்கள் கொஞ்சம் முரடு என்றும் மூத்த ஊழியர்கள் சொல்வதுண்டு. முப்பத்தேழு என்பது யாரும் கேள்விப்படாதது. சாயங்காலமே விசாரணை. இயக்குநர் மேடம் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெள்ளிக் கூஜாவில் தண்ணீர். எதிரே தின்னர்காரரும் அவருடைய டப்பாவும். டப்பாவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"ஒரே திரவம். முதல் தடவை இருபத்துநாலு, அடுத்த தடவை முப்பத்தேழு" என்றார் மேடம். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"அளக்கிற முறையில ஏதோ..."

"திரவத்துக்கு ஒழுக்கம் இல்லைன்னு அர்த்தம்." மேடம் டப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க பதிவுகளைப் பாருங்க. தேங்காய் எண்ணெய், இருபத்துநாலு. சென்ட்டு, இருபத்துநாலு. பேட்டரியில ஊத்துற ஆசிட், அதுகூட இருபத்துநாலு. வெளிநாட்டு விஞ்ஞானிங்க வந்து பார்த்துட்டு அப்படியே வாயடைச்சுப் போயிட்டாங்க. அவங்க ஊர்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கொதிக்குதாம். கட்டுப்பாடே இல்லை. இங்க நான் பொறுப்பேத்ததுலேர்ந்து ஒரு திரவம் வாலாட்டினது கிடையாது. உங்களோடதுதான் முதல்."

தின்னர்காரருக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அந்த ரூம்ல ஏசியே இருபத்துநாலுலதான் வச்சிருக்காங்க."

கொதிப்பாளர் பேனாவைப் பார்த்தார். வாசிப்பாளர் கொதிப்பாளரைப் பார்த்தார். எனக்கு மட்டும் அங்கே இடம் கொடுத்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

மேடம் கனிவாகச் சிரித்தார். "ஆமாம், வச்சிருக்கோம். ஏன் வச்சிருக்கோம்? எல்லாத் திரவமும் இருபத்துநாலுல கொதிக்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு அப்புறம், அதுக்கு ஏத்த மாதிரி ரூமைத் தயார் பண்ணி வச்சிருக்கோம். இதுக்குப் பேருதான் அறிவியல்."

"அப்ப தண்ணியைச் சோதிச்சுப் பாருங்க மேடம்" என்றார் தின்னர்காரர். "தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்க முறையில நூறு வந்தா, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்."

தண்ணீரை யாரும் அதுவரை சோதனைக்குக் கொண்டுவந்ததில்லை. மேடம் அந்தச் சவாலைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். தன் கூஜாவையே எடுத்துக் கொடுத்தார். கொதிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கொதிக்க வைத்தார். ஏந்துநர் ஏந்தினார். கரண்ட் வந்துவிட்டிருந்தது.

"இருபத்துநாலு!"

தின்னர்காரர் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. அவர் கூஜாவை விட்டு நாற்காலியை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினார்.

"கடவுளே! இவ்வளவு நாளா இதைப் பக்கத்துலயே வச்சிருந்தேனா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். கூஜாவை இடுக்கியால் பிடித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தார்கள். குழாய்களுக்குத் துணி சுற்றினார்கள். டீ இன்னும் சோதிக்கப்படாத திரவம் என்பதால் டீக்குத் தடையில்லை என்று கொதிப்பாளர் ஒரு நல்ல யோசனை சொன்னார். டீயை எதில் போடுவது என்று யாரோ கேட்டதும் அவர் கொதிகூடத்துக்கு இறங்கிப் போய்விட்டார். மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு மாடியிலும் நாக்கு வறண்டது. கழிப்பறைப் பக்கம் போனவர்கள் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார்கள்.

தாகம் மனிதனை யோசிக்க வைக்கும் என்பது உண்மைதான் போலிருக்கிறது. சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தவர்கள், தடை குடியிருப்புத் தெருவுக்கு மட்டும்தான் என்பதைக் கண்டுபிடித்தார்கள். கழகம் இருப்பது குடியிருப்புத் தெருவில் அல்ல. உடனே தொட்டியை நிரப்பினார்கள், மேடத்துக்குக் கூஜா திரும்பி வந்தது. ஊரில் இருக்கும் மற்றவர்கள் கதி என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது வேறு ஒரு அலுவலகத்தின் வேலை.

மிச்சம் இருந்தது தின்னர்காரரின் வழக்கு. இந்த மனிதன் மறுபடி படியேறி வந்தால் இன்னும் எதையெல்லாம் சோதிக்கச் சொல்வானோ என்று எல்லாருக்கும் பயம். கொதிப்பாளர் அவரைக் கூப்பிட்டு உத்தரவைப் படித்தார்.

"பதிவான அளவு மாற்றத்தக்கதன்று. எனினும், தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்ற மனுதாரரின் நம்பிக்கையை மதித்து, மனுதாரரின் திரவத்துக்கு மட்டும் விலக்களித்து, அது நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் என இதனால் சான்றளிக்கப்படுகிறது."

"சார், என்னோடது தின்னர். தண்ணி மேடத்தோட கூஜாவுல இருந்தது."

"மனுதாரர் யாரு?"

"நான்தான்."

"நீங்க சோதனைக்குக் கொண்டுவந்த திரவம்?"

"தின்னர்."

"அப்ப அதுதான் தண்ணி" என்றார் கொதிப்பாளர். குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, நூறு நாற்பதுக்கு மேலயா கீழயா?"

"மேல."

"கடைக்குச் சீல் வைப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குங்க நிக்கிறீங்க?"

தின்னர்காரர் சான்றிதழை வாங்கிக்கொண்டார். நாமாக இருந்தாலும் வாங்கியிருப்போம். மனைவி அதை விளக்கு வெளிச்சத்தில் படித்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு அக்காவுக்குப் போன் போட்டு அலமாரி வேண்டாம் என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் மாதிரி ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதி சரியாக அடுத்த வாரம் வரை நீடித்தது. ஒரு காலையில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றது. நிலைய அதிகாரி குதித்து இறங்கினார். நெடுநெடுவென்று உயரம், இரும்புத் தொப்பி, கையில் ஒரு சுற்றறிக்கை.

"தண்ணிக் கடை இதுதானே?"

"தின்னர் கடை சார்."

"நூறு டிகிரித் தண்ணி வச்சிருக்கிறது நீங்கதானே? ஊர்லயே சர்டிபிகேட் உள்ள தண்ணி உங்ககிட்ட மட்டும்தான் இருக்காம். மத்ததெல்லாம் இருபத்துநாலு, ஆபத்தானது. எங்க நிலையம் குடியிருப்புத் தெருவுல இருக்கு. வண்டியில இருந்ததை ராத்திரியே சாக்கடையில விட்டுட்டோம். டேங்க்கை ரொப்பிக் குடுங்க. இன்னும் வீடு வீடாப் போய்த் தொட்டிக்குச் சீல் வைக்கிற வேலை வேற கிடக்கு."

தீயணைப்பு வண்டியில் தின்னரை ரொப்பி அனுப்பினால், எங்கோ ஒரு வீட்டு அடுப்படியில் பிடித்த நெருப்பு அந்தத் தெருவையே தின்றுவிடும். உண்மையைச் சொன்னால் சான்றிதழ் போய்விடும், கடையும் வீடும் போய்விடும். தின்னர்காரர் மாடிப் பக்கம் பார்த்தார். மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். சொல்லிடுங்க என்று அர்த்தம்.

"சார், இது தண்ணி இல்ல. தின்னர். பத்திக்கும்."

"கழகத்தை விட உங்களுக்குத் தெரியுமா? மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"வாசனை பிடிச்சுப் பாருங்க சார்!"

அதிகாரி முகர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. "தண்ணிக்கு வாசனை இருக்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்லையே."

தின்னர்காரர் வேறு வழி தெரியாமல் நடைபாதையில் ஒரு மூடி தின்னரை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். குப்பென்று பற்றியது. வண்டியில் இருந்த வீரர்கள் அத்தனை பேரும் தெருக்கோடிக்கு ஓடினார்கள். டிரைவர் வண்டியையே பின்னால் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதிகாரி மட்டும் அசையாமல் நின்று, எரிகிறதையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல கொதிக்கிறதைப் பத்தி மட்டும்தான் போட்டிருக்கு. எரியுறது வேற டிபார்ட்மென்ட்" என்றார். "அங்கேர்ந்து எழுதி வாங்குற வரைக்கும் ரொப்புறதை நிறுத்தி வைக்கிறேன். உங்க கடை சர்டிபிகேட் செல்லும், கவலைப்படாதீங்க."

தீ நடைபாதையோரம் பரவப் பார்த்தது. மனைவி கால்மிதிச் சாக்கை வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து அதன் மேல் போட்டு மிதித்தாள். அணைந்தது. அதிகாரி குனிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"அம்மா, இது எதுல நனைச்சது?"

"தண்ணியில."

"எந்தத் தண்ணி?"

"எங்க வீட்டுத் தண்ணி."

"சர்டிபிகேட் இருக்கா?"

அதிகாரி மாடியேறினார். வாளி, பானை, குடம், மொட்டை மாடித் தொட்டி என்று எல்லாவற்றையும் பார்த்து உச்சுக்கொட்டினார். வெயிலில் வியர்த்து வழிய, கதவைப் பூட்டித் துணி சுற்றி அரக்கு ஊற்றிச் சீல் வைத்தார். கீழே கடை நிறைய தின்னர் சட்டப்படி பத்திரமாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் நடைபாதையில் நின்றார்கள். கடையைக் காப்பாற்றிக்கொண்ட தின்னர்காரருக்கு வீடு போய்விட்டதே.

அதிகாரி இறங்கி வந்து, இரும்புத் தொப்பியைக் கழற்றி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வீரர்களும் வண்டியும் தெருக்கோடியில் இருந்தார்கள். வண்டியிலும் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"என்னா வெயில்! அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

மனைவி கடைக்குள் போனாள். ஒரு டம்ளரையும் ஒரு தின்னர் டப்பாவையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சர்டிபிகேட் உள்ளதா, இல்லாததா சார்?"

அதிகாரி டப்பாவைப் பார்த்தார். நடைபாதையில் புகைந்துகொண்டிருந்த சாக்கைப் பார்த்தார்.

"இல்லாததே குடுங்கம்மா" என்றார் தாழ்ந்த குரலில்.

"அது மாடியில இருக்கு சார்."

அதிகாரி தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தார். பிறகு பூட்ஸ் சத்தம் கேட்காமல் படியேறிப் போய், அரக்கை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.